கால் கழுவுதலும் அந்தரங்கச் சுகாதாரமும்: மறைவுறுப்புத் தூய்மைச் சொற்களின் வரலாறு

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லாமலேயே அதற்குப் புணர்ச்சி விதி கூறுகின்றார். ‘ஆ’ என்னும் பெயரை அடுத்து வரும், ஈகாரம் ஏறிய பகரம் என்று அவர் சுற்றிவளைத்துச் சுட்டுவது மலத்தைக் குறிக்கும் ஓரெழுத்து ஒருமொழியை. பகரம் மிக்கு, நெடில் குறுகி, அது ‘ஆப்பி’ என நிற்கும் என்பது விதி. சொல்லதிகாரத்து எச்சவியலில் இதற்கான கொள்கையையும் அவரே வகுத்துள்ளார். அவையில் சொல்லத் தகாத கிளவியை மறைத்துக் கூறுக என்பது அந்நூற்பாவின் கருத்து. அதனை அடுத்து நிற்கும் நூற்பா அவ்வளவாக எடுத்துக்காட்டப் பெறுவதில்லை. மறைக்குங்கால், வழக்கில் மருவிப் பயின்றுவிட்டவற்றை மறைக்க வேண்டுவதில்லை என்கிறது அது. ஆப்பி, யானை இலண்டம், ஆட்டுப் பிழுக்கை முதலியவற்றை உரையாசிரியர் இதற்கு உதாரணமாகத் தருவர். மறைத்தற்கும் ஓர் எல்லை உண்டு என்பதும், பயிற்சி ஒரு சொல்லின் கூச்சத்தைப் போக்கிவிடும் என்பதும் இவ்விரு நூற்பாக்களையும் சேர்த்துப் படிக்கும்போது பெறப்படுகின்றன.

பிற்காலத்தில் பவணந்தியார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். பள்ளி இலக்கண நூல்களில் இடக்கரடக்கலுக்குத் தவறாது வரும் எடுத்துக்காட்டு ‘கால் கழுவி வந்தான்’ என்பது. இன்றும் தாய்மார் குழந்தைகளிடம் ‘கால் கழுவிட்டு வா’ என்றே சொல்கின்றனர். கழுவப்படுவது கால் அன்று என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் எப்படிக் கழுவுவது, கை எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதற்கு இத்தொடரில் இடமில்லை. பெண் குழந்தைக்கு அத்திசை இன்றியமையாதது. பெண்ணின் சிறுநீர்ப் புறவழி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆணுக்கு அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் பின்னிருந்து முன்னாக வரும் கையோடு சிறுநீர்த் துளையை அடைந்தால், அங்கிருந்து சிறுநீர்ப்பை மிகக் குறுகிய தொலைவே. முன்னிருந்து பின்னாகக் கழுவுக என்பது மிக எளிய அறிவுரை. ஆயினும் ‘கால் கழுவுதல்’ என்ற தொடரோடு அதனை இணைத்துச் சொல்ல முயன்றால் வாக்கியம் நகைப்புக்கு இடமாகிவிடுகிறது.

இடக்கரடக்கல் மரபைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. மறைவுறுப்புத் தூய்மை பற்றிய சொற்கள் எவ்வேறுபாடுகளைக் காட்டி வந்துள்ளன, எவற்றை விழுங்கிவிட்டன, அதனால் நலவாழ்வுக் கருத்துகளைத் தமிழில் பெயர்ப்போர் எங்கே இடறுகின்றனர் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. அவ்வேறுபாடுகளுள் ஒன்று ஏனையவற்றினும் முதன்மையானது; அது புறம், அகம் என்ற வேறுபாடு. பெண்ணுறுப்பின் புறப்பகுதி தோலும் மடிப்பும் ஆனது. வியர்வையும் சிறுநீரும் படிவது. நாள்தோறும் நீரால் கழுவத் தக்கது. உட்புறக் குழாய் அவ்வாறன்று. அங்கு வாழும் ஒருவகைக் கோலுயிரிகளை ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892இல் விவரித்தார். லாக்டோபாசில்லஸ் என இன்று வழங்கும் அவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, உட்புறத்தின் அமிலநிலையைப் பெரும்பாலும் 3.8க்கும் 4.5க்கும் இடையில் வைத்துக் காக்கின்றன. நோய் விளைக்கும் பல நுண்ணுயிர்கள் அந்நிலையில் பெருகுவதில்லை. சாதாரணச் சோப்பு காரத் தன்மையுடையது. அதனையோ கிருமிநாசினித் திரவத்தையோ உள்ளே செலுத்திக் கழுவினால் காவல் உயிரிகள் குறைந்து, தொற்றுக்கு வழி உண்டாகிறது. புறத்தைக் கழுவுக, அகத்தைக் கழுவற்க என்பதே இத்துறையின் முதல் பாடம். இதனைச் சொல்வதற்குப் புறத்துக்கு ஒரு பெயரும் அகத்துக்கு ஒரு பெயரும் வேண்டும். அங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

சுத்தம், தீட்டு, தூரம்

‘சுத்தம்’ என்ற சொல் அழுக்கின்மையைக் குறிக்குமுன் சடங்குத் தூய்மையைக் குறித்தது. மனுவின் நூல் ஐந்தாம் அத்தியாயத்தில், மலசலம் கழித்தபின் மண் கொண்டு தூய்மை செய்யும் முறைக்கு எண்ணிக்கை தரப்படுகிறது: குறிக்கு ஒரு முறை, குதத்துக்கு மூன்று, இடக்கைக்குப் பத்து, இரு கைகளுக்கும் ஏழு. அடுத்த சுலோகம் இவ்வெண்ணிக்கையை மாணவனுக்கு இருமடங்காகவும், வனத்தில் வாழ்வோனுக்கு மும்மடங்காகவும், துறவிக்கு நான்மடங்காகவும் உயர்த்துகிறது. துறவியின் உடல் இல்லறத்தானின் உடலைவிட நான்கு மடங்கு அழுக்கானது என்று எவரும் கருதியிருக்க முடியாது. கணக்கிடப்படுவது அழுக்கின் அளவன்று, நிலையின் உயர்வு. தமிழில் ஆசாரக்கோவையும் இத்தகைய ஒழுக்கங்களைத் தொகுத்துள்ளது. மலசலம் கழிக்கையில் உடல் எத்திசை நோக்கி இருக்க வேண்டும் என்பது அந்நூலின் அக்கறை. நமக்கு இன்று வேண்டியது கை செல்லும் திசை.

மாதவிலக்கைப் பற்றிய சொற்களில் இச்சடங்குப் பொருள் மேலும் அழுத்தமாகப் பதிந்துள்ளது. புறநானூற்றின் 299ஆம் பாடலில், பாண்டங்களைத் தொடாத மகளிர் ஓர் உவமையில் வருகின்றனர். விலக்கு அக்காலத்திலேயே நிலவியது என்பதற்கு அதனைச் சான்றாகக் காட்டுவர். தூரம், விலக்கு, தீட்டு, தீண்டல் என வழங்கும் சொற்கள் யாவும் இடத்தையோ தொடுகையையோ பற்றியவை. உடலில் நிகழ்வது என்ன என்பதை இவற்றுள் ஒன்றும் சொல்லவில்லை. ‘வீட்டுக்குத் தூரம்’ என்ற தொடரில் பெண்ணின் உடலே இல்லை. அவள் இருக்க வேண்டிய இடம்தான் இருக்கிறது. இச்சொல்மறைப்பு பொருள்மறைப்பாகவும் நீண்டது. விலக்குக் காலத்துத் துணிகளைப் பிறர் கண்ணில் படாமல், இருண்ட மூலையிலோ மற்றத் துணிகளுக்கு அடியிலோ உலர்த்தும் பழக்கம் நாடெங்கும் இருந்து வந்துள்ளது. வெயில் படாது ஈரம் தங்கிய துணி தோலுக்கு அரிப்பையும் பூஞ்சைத் தொற்றையும் தரும். வெயிலில் உலர்த்துக என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், எதனை உலர்த்துவது என்பதற்கு ‘தீட்டுத்துணி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால், அறிவுரையின் முதற்பாதி பின்பாதியை மறுத்துவிடும். ‘மாதவிடாய்’ என்ற சொல் இன்று செய்தித்தாளிலும் பாடநூலிலும் கூச்சமின்றி வழங்குகிறது. பயின்றவற்றை மறைக்க வேண்டா என்ற நூற்பாவுக்கு நம் காலத்து உதாரணமாக அதனைக் கொள்ளலாம்.

‘தூய்மை’ என்ற சொல்லுக்கும் இருபொருள் உண்டு. புறந்தூய்மை நீரால் அமையும், அகந்தூய்மை வாய்மையால் அமையும் என்ற கருத்துடைய குறள் (298) யாவரும் அறிந்தது. வள்ளுவர் கருதிய அகம் வேறு. எனினும் அகத்துக்கு நீர் கருவியன்று என்ற அந்தப் பாகுபாடு உடற்கூற்றுக்கும் எழுத்துக்கு எழுத்து பொருந்திவிடுவது ஒரு விந்தை.

உற்பாலனம் என்ற சொல்

மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதிய முதல் பெருமுயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வி அளித்தார்; தம் மாணவர்களின் துணையோடு பல நூல்களைத் தமிழாக்கினார். கால்வின் கட்டர் எழுதிய பாடநூலின் தமிழாக்கத் தலைப்பில் மூன்று துறைப்பெயர்கள் உள்ளன: உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், உடலியக்கத்துக்குச் சுகரணவாதம், உடல்நலம் பேணும் முறைக்கு உற்பாலனம். மான்செல் எழுதிய மகப்பேற்று நூலும் 1850களில் அவர் முயற்சியால் தமிழுக்கு வந்தது. கலைச்சொல்லாக்கத்தில் முதலில் தமிழில் வழங்கும் சொல், அது கிடைக்காவிடில் வடசொல், அதுவும் இல்லாவிடில் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு என்ற வரிசையை அவர் பின்பற்றினார்.

‘உற்பாலனம்’ நிலைக்கவில்லை. அதன் உள்ளீடான ‘பாலனம்’ காத்தல் என்று பொருள்படும். தன் உடலைத் தான் காத்துக்கொள்ளுதல் என்ற கருத்து அதில் இருந்தது. அதன் இடத்தைப் பிற்காலத்தில் ‘சுகாதாரம்’ பிடித்தது. இச்சொல்லின் வாழ்வு ஆட்சித்துறையோடு பின்னிப் பிணைந்தது. 1864இல் சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் துப்புரவு ஆணையங்கள் நிறுவப்பட்ட காலம் தொட்டு, அரசின் கவலை சாக்கடை, குடிநீர், குப்பை, கொள்ளைநோய் ஆகியவற்றைப் பற்றியதாக இருந்தது. சுகாதாரத் துறை, சுகாதார ஆய்வாளர், சுகாதாரக் கேடு என்று அடுக்கிப் பார்த்தால் மனத்தில் எழுவது தெருவே அன்றி உடலன்று. ஆகவே ஒருவர் தம் உடலைப் பேணும் செயலைக் குறிக்கத் ‘தனிநபர் சுகாதாரம்’ என்று அடைகொடுத்துச் சொல்ல நேர்ந்தது. மறைவுறுப்பைப் பற்றியதாயின் ‘அந்தரங்கச் சுகாதாரம்’ என்று மற்றோர் அடை. சாக்கடையோடு பழகிய சொல் இங்கு வந்து சேரும்போது, கிருமிகளை ஒழித்தல் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. காக்கவேண்டிய கிருமிகளும் உண்டு என்பதற்கு அதில் இடமில்லை.

உறுப்பின் பெயர்கள்

சங்க இலக்கியத்தில் பயிலும் ‘அல்குல்’ பற்றிய வாதம் நெடியது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி அதற்கு இடை என்ற பொருளையும் பெண்குறி என்ற பொருளையும் தருகிறது. மேகலை அணியும் இடமாக வரும் இடங்களில் முதற்பொருளே பொருந்தும் என்பார் பலர். எவ்வாறாயினும் அச்சொல் இன்று மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று.

‘யோனி’ வடமொழியில் கருப்பை, பிறப்பிடம், பிறப்புவகை ஆகிய பொருள்களையும் ஏற்கும். சரக சம்ஹிதையும் சுசுருத சம்ஹிதையும் கூறும் இருபது யோனி நோய்களில், புறத்தோலின் கோளாறுகளும் உட்குழாயின் கோளாறுகளும் கருப்பையின் கோளாறுகளும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கியுள்ளன. ஒரு சொல் மூன்று இடங்களைத் தாங்கி நின்றது. தமிழில் ‘குறி’ என்பது அடையாளம் எனப் பொருள்படும் ‘லிங்கம்’ போன்றதே. ‘பிறப்புறுப்பு’ இனப்பெருக்க நோக்கில் அமைந்த பெயர். பேச்சில் கூச்சமின்றிச் சொல்லக்கூடியதாக அது இன்று பரவியிருப்பது நல்லதே. ஆயினும் சிறுமிக்கும் முதியவளுக்கும் அப்பெயர் ஒட்டவில்லை என்பதை மறுக்க இயலாது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் அப்பகுதித் தோல் மெலிந்து, வறண்டு, அரிப்பு உண்டாவது பரவலாகக் காணப்படுவது. அறுபது வயதான ஒருத்தி ‘பிறப்புறுப்புப் பராமரிப்பு’ என்ற தலைப்புள்ள துண்டறிக்கையைத் தனக்கானது என்று எடுத்துப் பார்ப்பாளா?

செய்தித்தாள்கள் ‘மர்ம உறுப்பு’ என்று எழுதுகின்றன. வடமொழியில் ‘மர்மம்’ அடிபட்டால் உயிருக்கு ஊறு நேரும் இடம். வர்மக்கலையின் வர்மமும் அதுவே. தமிழில் அது இரகசியம் என்று திரிந்தபின் மறைவுறுப்புக்கு அடையாயிற்று. இந்தியில் ‘குப்தாங்’, மலையாளத்தில் ‘குஹ்யபாகம்’, கன்னடத்தில் ‘குப்தாங்க’ என்பனவும் மறைவு என்ற கருத்திலிருந்தே பிறந்தவை. இந்தியமொழிகள் மட்டும் இப்படி என்று எண்ணவேண்டியதில்லை. லத்தீனில் பெண்ணின் புறவுறுப்புக்கு வழங்கிய ‘புடெண்டும்’ நாணத்தக்கது என்று பொருள்படும். பன்னாட்டு உடற்கூற்றுக் கலைச்சொற் பட்டியலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல் கைவிடப்பட்டது. அப்பகுதிக்குச் செல்லும் நரம்பின் பெயரில் மட்டும் அது எஞ்சியுள்ளது. உட்குழாய்க்குரிய ‘வஜைனா’ லத்தீனில் வாளுறை. வாளின் நோக்கில் உறைக்கு இடப்பட்ட பெயர் அது.

தமிழ்க் கலைச்சொல்லாக்கமும் அப்பார்வையிலிருந்து தப்பவில்லை. புணர்புழை, கலவிக்கால்வாய் என்ற ஆக்கங்கள் உட்குழாயைக் கருப்பையிலிருந்து தெளிவாகப் பிரிக்கின்றன. அவ்வளவில் அவை துல்லியமானவை. ஆனால் இரண்டும் உறுப்பைப் புணர்ச்சியின் கருவியாகப் பார்க்கின்றன. பத்து வயதுச் சிறுமிக்கு எழுதப்படும் பாடத்தில் இவற்றை ஆசிரியை வாய்விட்டுப் படிக்கமாட்டார், பக்கத்தைப் புரட்டிவிடுவார். ‘யோனிக்குழாய்’ தாழ்வில்லை. புறப்பகுதிக்கோ ‘யோனிமடல்’ போன்ற ஓரிரு ஆக்கங்கள் கலைச்சொற்பட்டியல்களில் கிடக்கின்றனவே தவிர வழக்குக்கு வந்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரையாளரின் கருத்தில், பொதுமக்களுக்கான எழுத்தில் புதுச்சொல் புனைவதைவிட ‘வெளிப்புறம்’, ‘உட்புறம்’ என்ற எல்லோரும் அறிந்த சொற்களைப் ‘பிறப்புறுப்பு’ என்பதோடு சேர்த்துத் திரும்பத் திரும்ப வழங்குவதே பயன் தரும். ‘பிறப்புறுப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்’ என்ற, அறிக்கைகளில் அடிக்கடி காணும் தொடர் இலக்கண வழுவற்றது. மருத்துவ நோக்கில் அபாயமானது. எப்புறம் என்பதை அது சொல்லவில்லை. சுத்தம் என்ற சொல்லின் பழைய சுமையோ வாசகியை மேலும் ஆழமாகக் கழுவத் தூண்டுகிறது.

வெள்ளை

‘வெள்ளைப்படுதல்’ என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் எவரும் தவிர்க்க முடியாது. உட்புறத்திலிருந்து நாள்தோறும் சிறிதளவு நீர்மம் கசிவது இயல்பு. மாதச் சுழற்சியின் நாளுக்கேற்ப அது நீர்த்தும் வழுவழுத்தும் தடித்தும் மாறும். உட்புறம் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் வழி அது. தமிழிலோ ‘வெள்ளை’ நோயின் பெயர். சித்த மருத்துவ வழக்கில் மேகம், வெட்டை, வெள்ளை என்பன ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆணின் மேகவெட்டையும் பெண்ணின் வெள்ளையும் வெப்பத்தால் விளைவன என்ற கருத்து அவற்றில் ஊன்றியுள்ளது. ‘உடம்புச் சூடு’ என்று மக்கள் இன்றும் சொல்வது இதன் தொடர்ச்சியே.

பிற இந்திய மொழிகளில் இதற்கு வழங்கும் பெயர்கள் ஒப்பீட்டுக்கு உரியவை. தெலுங்கில் ‘தெல்லபட்ட’, அதாவது வெள்ளைத் துணி. கன்னடத்தில் ‘பிளி செரகு’, வெண்முந்தானை. இவ்விரண்டும் பெண் அதனைக் காணும் இடமாகிய துணியைக் கொண்டு பொருளைச் சுட்டும் ஆகுபெயர்கள். இந்தியில் ‘சஃபேத் பானி’, வெண்ணீர். மராத்தியில் உடலின்மேல் வெள்ளை போதல் என்ற தொடர். வங்காளத்தில் ‘சாதா ஸ்ராப்’, வெண்கசிவு. மலையாளத்தில் ‘வெள்ளபோக்கு’ என்பதோடு ‘அஸ்திஉருக்கம்’ என்ற பெயரும் உண்டு. எலும்பு உருகி வெளியேறுகிறது என்பது அதன் பொருள்! இப்பெயரைக் கேட்டு வளரும் பெண் இயல்பான கசிவைக் கண்டு அஞ்சுவது வியப்பன்று. உடலின் சத்து வடிந்து போகிறது என்ற அச்சம் தமிழ்நாட்டிலும் உண்டு.

இதன் விளைவு ஒரு சுழல். இயல்பான கசிவு நோய் எனக் கருதப்படுகிறது. நோய் எனின் அழுக்கு. அழுக்கு எனின் கழுவ வேண்டும். சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே செல்கின்றன. அமிலநிலை குலைகிறது. பின்னர் உண்மையாகவே துர்நாற்றமும் மிகுகசிவும் தோன்றுகின்றன. முன்னைய அச்சம் உறுதிப்படுகிறது. மேலும் கழுவுதல் நிகழ்கிறது. இவ்வாறு காவல் உயிரிகள் குறைந்து வேறு நுண்ணுயிர்கள் பெருகும் நிலை, குறைமாதப் பிறப்புக்கும் பாலியல்வழித் தொற்றுகளை எளிதில் ஏற்பதற்கும் தொடர்புடையது என மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நிலையின் ஆங்கிலப் பெயரே ஒரு படிப்பினை. முன்னர் அதனை அழற்சி எனப் பொருள்படும் ‘ஐடிஸ்’ என்ற ஈறு சேர்த்து வழங்கினர். அழற்சியின் அறிகுறிகள் அதில் பெரும்பாலும் இல்லாமையால் 1980களில் அவ்வீற்றை நீக்கி ‘ஓசிஸ்’ என்ற ஈற்றைச் சேர்த்துப் பெயரை மாற்றினர். தமிழில் அதனை ‘யோனி அழற்சி’ என்று எழுதுவோர், மருத்துவர் வேண்டுமென்றே கைவிட்ட பொருளை மீண்டும் கொண்டுவந்து ஒட்டுகின்றனர்.

கணக்கெடுப்பு வினாக்களில் இச்சிக்கல் எண்களாகவே மாறும். துர்நாற்றமுள்ள, இயல்புக்கு மாறான கசிவு இருந்ததா என்பது மூலவினாவாக இருக்க, ‘வெள்ளைப்படுதல் இருந்ததா’ என்று மட்டும் கேட்டால் ஆம் என்ற விடை பெருகும். நோயில்லாதவர் நோயாளராக எண்ணப்படுவர். நிறம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுதல், மீன்வாடை, தயிர்த்திரள் போன்ற தோற்றம், அரிப்பு, கீழ்வயிற்று வலி என்று குறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவை இருப்பின் மருத்துவரிடம் செல்க என்று எழுதுவதே தகும். ‘கசிவு’ என்ற சொல் நோயையோ நலத்தையோ சாராதது. ‘இயல்பான கசிவு’ என்பதைத் துணிந்து வழக்குக்குக் கொண்டுவரலாம்.

விற்பனை மொழி

இடக்கரடக்கல் வணிகத்தின் கையில் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம். 1873இல் இயற்றப்பட்ட காம்ஸ்டாக் சட்டம் கருத்தடைப் பொருள்களையும் அவை பற்றிய செய்திகளையும் அஞ்சலில் அனுப்புவதைத் தடை செய்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளம்பரக்காரர்கள் ‘பெண்மைச் சுகாதாரம்’ என்று பொருள்படும் தொடர் ஒன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். வாசகியருக்கு அது கருத்தடையைக் குறித்தது; சட்டத்துக்கு அது தூய்மையைக் குறித்தது. 1920கள் முதல் பல ஆண்டுகள், தரை துடைக்கும் கிருமிநாசினியான லைசால் இப்பெயரில் உட்புறக் கழுவலுக்காக விளம்பரம் செய்யப்பட்டது. கருத்தடையாக அது பயன்படவில்லை. அதிலிருந்த கிரெசால் புண்ணையும் எரிவையும் தந்தது; உயிரிழப்புகளும் நேர்ந்தன. ஒரு மங்கலச் சொல்லுக்குள் இரு பொருள்கள் ஒளிந்திருந்தன. இரண்டிலும் பெண்கள் ஏமாற்றப்பட்டனர்.

நம் நாட்டுக் கடைகளில் மாதவிடாய்ப் பஞ்சு ‘நாப்கின்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஆங்கிலத்தில் அச்சொல் உணவுமேசைத் துணியையும் குறிக்கும். தமிழில் அது ஒருபொருட் சொல்லாகிவிட்டது. புகழ்பெற்ற வணிகப்பெயர் ஒன்று ‘விஸ்பர்’, அதாவது கிசுகிசுப்பு. தமிழக அரசு வளரிளம் பெண்களுக்கு விலையின்றி இதனை வழங்கத் தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘புது யுகம்’; பெயரைக் கொண்டு திட்டம் எதனைப் பற்றியது என்று எவரும் ஊகிக்க முடியாது. திட்டம் நன்று, பெயர் தொல்காப்பியருக்கு உவப்பாயிருந்திருக்கும். அண்மைக்காலத்தில் பெண்ணுறுப்புக்கெனத் தனிக் கழுவுதிரவங்கள் பெருகியுள்ளன. வெளிப்புறத்துக்கு வெறும் நீரே போதும். வேண்டுமெனில் மணமற்ற மென்சோப்பு. உட்புறத்துக்கு எதுவும் வேண்டியதில்லை. இத்திரவங்களின் உறைவாசகங்களை மொழிபெயர்ப்போர் ‘வெளிப்புறப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்பதைச் சிற்றெழுத்தில் ஒதுக்கிவிடாதிருப்பது நல்லது.

ஆண்பால்

ஆணுறுப்புத் தூய்மை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைப் பார்க்கையில், தமிழ் முஸ்லிம்களின் மார்க்கச் சட்டநூல் மரபு தனித்து நிற்கிறது. அரபுத்தமிழிலும் தமிழிலும் எழுந்த அந்நூல்களில் தூய்மை பற்றிய பகுதி முதலிலேயே வரும். மலசலத்துக்குப் பின் கழுவும் முறை ‘இஸ்தின்ஜா’ என்ற கலைச்சொல்லின்கீழ் வெளிப்படையாக விளக்கப்பெறும். அயற்சொல் ஒரு திரையாக நிற்க, அதன் பின்னே செய்முறையை நாணமின்றிச் சொல்ல முடிந்தது. விருத்தசேதனம் என்பது கிறித்தவ வேதாகமத் தமிழ். சுன்னத்து என்பது முஸ்லிம்களின் வழக்கு. ஒன்றின் இடத்தில் மற்றதை இடும் மொழிபெயர்ப்பு எந்த வாசகருக்கும் அந்நியமாகவே ஒலிக்கும்.

முன்தோல் உள்ள ஆண்மகன் அதனைப் பின்தள்ளி நீரால் கழுவித் துடைத்து மீண்டும் முன்கொணர வேண்டும். அடியில் சேரும் வெண்படிவு தங்கினால் அரிப்பும் தொற்றும் வரும். இவ்வறிவுரையைப் பச்சிளங்குழந்தைக்கும் பொருத்திவிடுவது தவறு. பிறப்பில் முன்தோல் மொட்டோடு ஒட்டியிருப்பதே இயல்பு என்றும், அது ஆண்டுகள் செல்லத் தானே பிரியும் என்றும் டக்ளஸ் கெய்ட்னர் 1949இல் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. வலிந்து தள்ளினால் புண்ணும் தழும்பும் உண்டாகும். ஆகவே ‘பின்தள்ளிக் கழுவவும்’ என்று எழுதுமிடத்தில் வயதைச் சொல்லாமல் விடுவது பிழையாகும். வளர்ந்தவர்க்கு முன்தோலில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வருமாயின் நீரிழிவு உள்ளதா எனச் சோதித்தல் வேண்டும் என்பதும் மொழிபெயர்ப்புகளில் இடம்பெறத் தக்கது.

உணர்வுக்குரிய சொற்கள்

உறுப்புகளுக்குச் சொல் தயங்கும் தமிழ், உணர்வுகளுக்கு அள்ளித் தருகிறது. அரிப்பு, நமைச்சல், ஊறல், தினவு, எரிச்சல், கடுப்பு, குத்தல், குடைச்சல் ஆகியவை ஒன்றற்கொன்று மாற்றாக வரக்கூடியவை அல்ல. ‘நீர்க்கடுப்பு’ என்றால் போதும். சிறுநீர் கழிக்கையில் நேரும் துன்பத்தைப் பாமரரும் மருத்துவரும் ஒருங்கே உணர்வர். எனினும் ஆங்கிலத்தில் ‘இரிட்டேஷன்’ என்று வருமிடமெல்லாம் ‘எரிச்சல்’ என்று பெயர்க்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. ஆங்கிலச் சொல் தோல் உறுத்தப்படும் நிலைகள் பலவற்றையும் தழுவுவது. தமிழ்ச் சொல்லில் எரி இருக்கிறது. ‘எரிச்சல் ஏற்பட்டால் பயன்பாட்டை நிறுத்தவும்’ என்று படிக்கும் பெண், தனக்கு இருப்பது அரிப்புதானே என்று தொடர்ந்து பயன்படுத்தக்கூடும். ‘அரிப்போ எரிச்சலோ சிவப்போ கண்டால்’ என்று விரித்து எழுதுவதால் இரண்டு சொற்களே கூடுகின்றன.

வினைச்சொற்களிலும் இவ்வளம் உண்டு. கழுவு, அலம்பு, தேய், துடை, ஒற்று என்பவற்றில் கையின் அழுத்தமே வேறுபடுகிறது. மறைவிடத் தோலுக்குத் தேய்த்தல் ஆகாது; அலம்பினால் போதும். அதன்பின் துடைப்பதைவிட ஒற்றி எடுப்பது தகும். ஈரம் தங்கினால் தொடையிடுக்கில் படர்தாமரை பற்றும். பருத்தி உள்ளாடை, இறுக்கமின்மை, மாதவிடாய்ப் பஞ்சை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுதல் ஆகியவற்றைச் சொல்ல மொழி எங்கும் தடுமாறுவதில்லை. பள்ளிச் சிறுமியர்க்கான கையேட்டில் ஒரு வாக்கியம் இப்படி அமையலாம்: ‘வெளிக்குப் போனபின், கையை முன்னிருந்து பின்பக்கமாகக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அலம்பு, உள்ளே விரலோ சோப்போ போகவேண்டாம்.’ இதில் அவையல்கிளவி என்று ஒன்றும் இல்லை.